காடும் நீதிமன்றமும்: மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை

நாகரிகம் என்ற சொல்லைக் கேட்டதும் நகரமும் மாடமாளிகையும் நல்லுடையும் நினைவுக்கு வருவது பிற்கால வழக்கம். வள்ளுவர் அச்சொல்லைக் கண்ணோட்டம் என்னும் அதிகாரத்தில் வைத்தார். பிறர்பால் கொள்ளும் இரக்கத்தின் உச்சநிலையே அங்கு நாகரிகம் எனப்படுகிறது. அவ்வதிகாரம் அரசர்க்குரிய இயல்புகளைக் கூறும் அரசியல் பகுதியில் அமைந்திருப்பதும் எண்ணத்தக்கது. ஆள்வோனிடம் இரக்கம் இல்லையாயின் அவன் அரண்மனையும் காடே என்பது தமிழர் கைக்கொண்ட பழைய அளவுகோல்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த அளவுகோலை எடுத்து, ஆங்கிலேயர் நிறுவிய நீதிமன்றத்தின்மேல் வைத்து அளந்தவர் ஒருவர் உண்டு. அவர் வெளியே நின்று குறைகூறியவர் அல்லர். அந்நீதிமன்றத்தின் இருக்கையில் ஆண்டுக்கணக்காக அமர்ந்து தீர்ப்பு வழங்கியவர். தமிழின் முதல் நாவலாகிய பிரதாப முதலியார் சரித்திரத்தை இயற்றிய மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை அவர்களே அப்பெரியார்.

பிறப்பும் கல்வியும்

திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில், கத்தோலிக்க சமயத்தைச் சார்ந்த வேளாளர் குடும்பத்தில், 1826ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 11ஆம் நாள் வேதநாயகம் பிள்ளை பிறந்தார். தந்தையார் சவரிமுத்துப் பிள்ளை; தாயார் ஆரோக்கிய மரியம்மாள். ஊரில் தொடக்கக் கல்வி முடிந்தபின் திருச்சிராப்பள்ளியில் தியாகப் பிள்ளை என்பாரிடம் தமிழும் ஆங்கிலமும் பயின்றார். அக்காலத்தில் அரசாங்க அலுவலுக்கு ஆங்கிலமும், மக்களின் மதிப்புக்குத் தமிழும் வேண்டியிருந்தன. இரண்டில் ஒன்றைப் பெற்றுப் பிறிதொன்றை இழந்தவர் பலர். இரண்டையும் ஒருங்கே பெற்ற மிகச் சிலருள் வேதநாயகர் ஒருவரானார்.

1848இல் திருச்சிராப்பள்ளி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராக அலுவலேற்ற அவர், சில ஆண்டுகளில் மொழிபெயர்ப்பாளராக உயர்ந்தார். இம்மொழிபெயர்ப்புப் பணியே அவர் வாழ்வின் உண்மையான பள்ளி எனலாம். வழக்காட வந்த குடியானவன் தமிழில் அழுததை ஆங்கிலத்தில் எழுதவேண்டும். நீதிபதி ஆங்கிலத்தில் உரைத்ததைக் குடியானவனுக்குத் தமிழில் சொல்லவேண்டும். இடையில் ஒரு சொல் பிறழ்ந்தால் ஒருவனது நிலமோ மானமோ கைமாறிவிடும். நீதி என்பது நெடுந்தொலைவு மொழியையே சார்ந்து நிற்கிறது என்னும் உண்மையை அவர் நூல்களிலிருந்து கற்றவர் அல்லர். நாள்தோறும் கண்ணால் கண்டு தெளிந்தவர்.

தரங்கம்பாடியிலிருந்து மாயூரம் வரை

1857ஆம் ஆண்டு வேதநாயகர் தரங்கம்பாடி முன்சீப்பாக அமர்ந்தார். நாகூரிலிருந்து கடலோரமாக வடக்கே சென்று காரைக்காலைக் கடந்தால் எதிர்ப்படும் அவ்வூர், 1620 முதல் டேனியர் வசம் இருந்து, 1845இல் ஆங்கிலேயர்க்கு விற்கப்பட்டது. சீகன்பால்க் என்னும் பாதிரியார் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தமிழ் அச்சுக்கூடம் நிறுவிய இடமும் அதுவே. அச்சும் கோட்டையும் நீதிமன்றமும் ஒரே கடற்கரையில் நின்ற ஊரில் அவரது நீதிபதி வாழ்க்கை தொடங்கியது பொருத்தமே.

அந்த ஆண்டின் சிறப்பை மறத்தல் இயலாது. வடநாட்டில் சிப்பாய்களின் பெருங்கிளர்ச்சி எழுந்த ஆண்டு அது. இந்தியர் அநாகரிகர், அவர்களை ஆளும் பொறுப்பு நாகரிகரான தமக்கே உரியது என்ற எண்ணம் ஆங்கிலேயரிடையே வேரூன்றிய காலமும் அதுவே. அதே 1857இல் இங்கிலாந்தில் பாலன்டைன் என்பார் பவளத் தீவு என்னும் பெயர்கொண்ட சிறுவர் நாவலை எழுதினார். தனித் தீவொன்றில் ஒதுங்கிய மூன்று ஆங்கிலச் சிறுவர் அங்கும் ஒழுக்கம் தவறாமல் வாழ்வதாகவும், கொடுமை யாவும் தீவினராகிய பிறரிடமே இருப்பதாகவும் அக்கதை செல்லும். கடலுக்கு அப்பால் இவ்வாறு ஒரு கோடு கிழிக்கப்பட்ட அதே வேளையில், கடலுக்கு இப்பால் தரங்கம்பாடி நீதிமன்றத்தில் ஒரு தமிழர் அமர்ந்து, ஆங்கிலச் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு, நீதி எது என்று சிந்தித்துக்கொண்டிருந்தார்.

தரங்கம்பாடிக்குப்பின் சீகாழியிலும், அதன்பின் நெடுங்காலம் மாயூரத்திலும் அவர் முன்சீப்பாகப் பணியாற்றினார். ஊர்ப்பெயரே அவர் பெயருக்கு முன்னொட்டாக நிலைத்துவிட்டது. கைக்கூலி வாங்காத நீதிபதி என்ற பெயர் அந்நாளில் எளிதில் கிடைப்பதன்று. அதனை அவர் ஈட்டினார். இலஞ்சம், பொய்ச்சான்று, அதிகாரச் செருக்கு ஆகியவற்றை இருக்கையிலிருந்து கண்டித்ததோடு அமையாமல் பாட்டிலும் வைத்துக் கண்டித்தார்.

1859இல் வெளிவந்த நீதிநூல் அவருடைய முதற்பெரும் படைப்பு. வள்ளுவர் வழியில் அதிகாரம் வகுத்து எளிய விருத்தங்களால் இயன்றது அந்நூல். அரசர்க்கும் அதிகாரிகளுக்கும் கூறும் அறத்தையே அவர் குடும்பத்துக்கும் கூறினார். பெண்மதி மாலையும், பெண் கல்வி, பெண் மானம் ஆகிய உரைநடை நூல்களும் பின்னர் வந்தன. பெண்ணைக் கல்லாதவளாக வைத்திருக்கும் ஆடவன் எத்துணை உயர்ந்த உத்தியோகத்தில் இருப்பினும் நாகரிகன் ஆகான் என்பதே அந்நூல்களின் சாரம்.

தீர்ப்புக்குத் தமிழ்

வேதநாயகர் பணிகளுள் இலக்கிய வரலாறுகள் ஓரிரு வரிகளில் கடந்துவிடும் பணி ஒன்று உண்டு. 1805 முதல் 1861 வரை சென்னைச் சதர் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்புகளின் சாரத்தைத் தமிழாக்கி, சித்தாந்த சங்கிரகம் என்னும் பெயரால் 1862இல் வெளியிட்டார். சதர் நீதிமன்றம் மறைந்து சென்னை உயர்நீதிமன்றம் தோன்றிய ஆண்டும் அதுவே. பழைய மன்றம் மறையும் நேரத்தில் அதன் அரைநூற்றாண்டுக்கு மேற்பட்ட அறிவைத் தமிழ்மக்கள் கையில் ஒப்படைத்தார் எனலாம்.

இதன் பொருளை ஆழ்ந்து நோக்கவேண்டும். சட்டம் ஆங்கிலத்தில் மட்டும் இருக்கும்வரை, அதை அறிந்தவன் அறியாதவனை வேட்டையாடலாம். குறுக்கே வலை விரித்திருப்பதை மான் அறியாது, வேடன் அறிவான். அத்தகைய மன்றத்திற்குத் தூணும் விதானமும் இருப்பினும் அது காட்டின் இயல்பை உடையதே. வலையின் கண்ணிகளைத் தமிழில் எழுதிக்காட்டியவர் வேதநாயகர். கவிதையும் கதையும் இயற்றாமல் இந்த ஒரு நூலோடு அவர் நின்றிருப்பினும் தமிழுலகம் அவருக்குக் கடன்பட்டதாகவே இருந்திருக்கும்.

மாயூரத்துச் சூழல்

மாயூரத்தில் அவர் வாழ்ந்த ஆண்டுகள் காவிரிக்கரைத் தமிழின் பொற்காலங்களுள் ஒன்று. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவருடைய உற்ற நண்பர். சைவப் பெருங்கவிஞராகிய அவர், கிறித்தவராகிய இவரைப் பாட்டுடைத் தலைவராக வைத்துக் குளத்தூர்க் கோவை பாடினார். திருவாவடுதுறை ஆதீனகர்த்தர் சுப்பிரமணிய தேசிகரோடும் வேதநாயகர்க்கு நெருங்கிய நட்பு உண்டு. நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடிய கோபாலகிருஷ்ண பாரதியாரும் அவ்வூரிலேயே வாழ்ந்தார். மகாவித்துவானிடம் 1871இல் மாணவராக வந்துசேர்ந்த உ.வே. சாமிநாதையர் இச்சூழலைக் கண்ணாரக் கண்டவர்.

அந்த மகாவித்துவானிடமே தமிழ் கற்ற மற்றொருவர் நாகூர் குலாம் காதிறு நாவலர். ஆங்கில நாவலாசிரியர் ரெயினால்ட்சு, துருக்கியத் தளபதி உமறு பாஷாவை வைத்து எழுதிய போர்க்கதையைத் தமிழில் பெயர்த்துத் தந்தவரும் இவரே. சைவர், கிறித்தவர், இசுலாமியர் ஆகிய மூவரும் ஒரே தமிழவையில் சந்தித்தனர். அதன் விளைவாகப் பாட்டு வளர்ந்தது. உரைநடைக் கதைக்கும் வழி பிறந்தது. தர்காவின் வாயிலில் எல்லாச் சமயத்தாரும் வந்துநிற்கும் நாகூரார்க்கு இந்த ஒற்றுமை புதுமையாகத் தோன்றாது. வேதநாயகர் 1878இல் வெளியிட்ட சர்வ சமய சமரசக் கீர்த்தனை இச்சூழலின் கனியே ஆகும். எந்தச் சமயத்தாரும் பாடத்தக்கவாறு இறைவனை வேண்டிய அக்கீர்த்தனைகள் இசையரங்குகளில் இடம்பெற்றன.

மேலதிகாரியோடு ஏற்பட்ட மனவேற்றுமையால் 1872இல் வேதநாயகர் பதவியினின்று நீங்க நேர்ந்தது. நீதிபதிக்கும் நீதி எட்டாமற் போகலாம் என்பதை அவர் தம் வாழ்விலேயே உணர்ந்தார். ஆயினும் அந்த ஓய்வே தமிழுக்கு ஆக்கமாயிற்று. அடுத்த ஏழாண்டுகளில் அவருடைய புகழ்மிக்க நூல்கள் வெளிவந்தன.

தாது வருடம்

1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பெரும்பஞ்சத்தைத் தாது வருடப் பஞ்சம் என மக்கள் இன்றும் நினைவில் வைத்துள்ளனர். ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அப்பஞ்சத்திற்கு இரையாயினர் என்பது வரலாற்றாளர் கணிப்பு. காவிரி பாயும் நெல்வளநாட்டிலும் விலை ஏறியது. வறண்ட பகுதிகளிலிருந்து பசித்தோர் வந்து குவிந்தனர். நெல் கிடங்கில் இருந்தும் வயிற்றுக்கு எட்டாத காலம் அது.

அரசாங்கத்தின் நிவாரண வேலைத்தலங்களில் உழைத்தவர்க்கு அளந்து கொடுத்த கூலி உயிர்தாங்கப் போதாதென்று அக்காலத்திலேயே மருத்துவ அதிகாரிகள் வாதிட்டனர். அதே 1877இன் தொடக்க நாளில் தில்லியில் விக்டோரியா அரசியார் இந்தியப் பேரரசியாக முடிசூடியதை அறிவிக்கும் பெருந்தர்பார் நடைபெற்றது. நாகரிகத்தின் சின்னங்கள் யாவும் அங்கே இருந்தன. கண்ணோட்டம் ஒன்றே இல்லை.

வேதநாயகர் தம் இல்லத்தில் கஞ்சி காய்ச்சச் செய்து பசித்தோர்க்கு வழங்கினார். கைப்பொருளைச் செலவிட்டார். செல்வம் மிக்க ஆதீனத்தலைவரை உதவுமாறு செய்யுளால் வேண்டினார். அவர் கொடையைக் கண்டு நெகிழ்ந்த கோபாலகிருஷ்ண பாரதியார் அவரைப் புகழ்ந்து கீர்த்தனை பாடினார். நந்தனின் துயரைப் பாடிய வாய் ஒரு முன்சீப்பைப் பாடியது அவர் பதவி நோக்கியன்று. பதவி போனபின் அவர் செய்த பணி நோக்கியே ஆகும்.

இப்பஞ்சத்தின் அடிச்சுவடு ஆறுமுன், 1879இல், பிரதாப முதலியார் சரித்திரம் வெளிவந்தது. நகைச்சுவை மிகுந்த அந்நூலைச் சிரித்துக்கொண்டே படித்து முடிப்போர் உளர். பஞ்சம் கண்ட கண் அதனை எழுதியது என்பதை நினைவில் வைத்துப் படிப்போர்க்கு அச்சிரிப்பின் அடியில் வேறொன்று புலப்படும்.

அடிபட்ட சிறுவன்

தமிழில் உரைநடைக் கதைநூல் இல்லாத குறையைப் போக்கவே இந்நாவலை எழுதியதாக வேதநாயகர் முன்னுரையில் தெரிவித்துள்ளார். சத்தியபுரிச் செல்வர் வீட்டுப் பிள்ளையாகிய பிரதாபன் தன் கதையைத் தானே கூறுவதாக நூல் அமைந்துள்ளது. கிளைக்கதைகளும் அறவுரைகளும் இடையிடையே புகுந்து ஓட்டத்தைத் தடுப்பது உண்மை. மேல்நாட்டு நாவலின் கட்டுக்கோப்பை எதிர்பார்ப்போர்க்கு அது குறையே. ஆயினும் சில நிகழ்ச்சிகள் மறக்க முடியாத சின்னங்களாக மனத்தில் நின்றுவிடுகின்றன.

முதலாவது, பிரதாபனின் பள்ளிப்பருவம். செல்வச் சிறுவனை அடிக்கலாகாது என்பது வீட்டார் கட்டளை. ஆகவே அவன் பாடம் தவறும்போதெல்லாம் ஆசிரியரின் பிள்ளையாக வளரும் ஏழைச் சிறுவன் கனகசபை அடிபடுகிறான். இதைப் பிரதாபனே வேடிக்கையாகக் கூறுகிறான். காடு எங்கோ தொலைவில் இருப்பதாக எண்ணும் வாசகர்க்கு ஆசிரியர் அதனைச் செல்வர் வீட்டுத் திண்ணையிலேயே காட்டிவிட்டார். ஒருவன் தவற்றுக்கு மற்றொருவன் முதுகு கொடுப்பது எந்த வேட்டுவக்குடியின் வழக்கமும் அன்று; பட்டாடை உடுத்த வீட்டின் வழக்கம். பிரதாபனைத் திருத்துபவள் அவன் தாய் சுந்தரத்தண்ணி. கற்றறிந்த பெண் ஒருத்தியின் சொல்லால் அவ்வீட்டில் நாகரிகம் தொடங்குகிறது.

இரண்டு முறை வந்த யானை

இரண்டாவது சின்னம் யானை. பிரதாபன் யானை பிடிக்கும் காட்சியைக் காணப்போன இடத்தில் ஒரு யானையால் காட்டுக்குள் கொண்டுபோகப்பட்டு, மனைவி ஞானாம்பாளையும் உற்றாரையும் பிரிந்து, விக்கிரமபுரி என்னும் அயல்நாட்டை அடைகிறான். கணவனைத் தேடி ஆண்வேடம் பூண்டு புறப்பட்ட ஞானாம்பாளும் அந்நகரத்தை அடைகிறாள். அந்நாட்டின் அரசன் இறந்துவிட்டான். அவனுக்கு ஆண்மகவு இல்லை. அரசு யானையிடம் மாலையைக் கொடுத்து விடுகின்றனர். அது ஞானாம்பாளின் கழுத்தில் மாலையிட, அவள் அரசனாகிறாள்.

யானை அரசனைத் தேர்வது நம் பழங்கதைகளில் பயின்றுவரும் செய்தியே. ஆனால் வேதநாயகர் அதே விலங்கினத்தை ஒரே நாவலில் இருமுறை வைத்தார். காட்டில் அது குடும்பத்தைப் பிரிக்கிறது. நகரில் அது அரசை நிறுவுகிறது. முன்னது அழிவு, பின்னது ஆக்கம், விலங்கு ஒன்றே. வலிமை தன்னளவில் காட்டுத்தன்மையும் உடையதன்று, நாகரிகமும் உடையதன்று. அதன் துதிக்கையில் இருப்பது மாலையா அன்றா என்பதே வேறுபாடு. அதிகாரம் என்னும் பெருவிலங்கைப் பல்லாண்டு அருகிலிருந்து கண்டவர்க்கே இச்சித்திரம் கைவரும்.

ஞானாம்பாள் அணிந்த ஆண் உடையும் இங்குக் கருதத்தக்கது. நாட்டார் வணங்கியது ஆடவன் உடையை. அவர்களுக்குக் கிடைத்தது பெண்ணின் அறிவு. அரசு என்பது உடையன்று, உள்ளிருக்கும் கல்வியும் அருளுமே என்பதை இதைவிட எளிதாக உணர்த்த இயலாது. பணி முடிந்ததும் அவள் ஆட்சியை இறந்த அரசனின் மகளிடமே ஒப்படைத்துவிட்டுப் புறப்படுகிறாள்.

செருப்பு வழக்கு

நாவலின் உச்சம் என்று கூறத்தக்கது செருப்பு வழக்கு. விக்கிரமபுரியில் பிரதாபன் தன் செருப்பைச் செப்பனிடத் தொழிலாளி ஒருவனிடம் கொடுத்து, அவனை மகிழ்விப்பதாக வாக்களிக்கிறான். உரிய கூலி கொடுத்தும் அவன் தனக்கு மகிழ்ச்சி இல்லை என்கிறான். மேலும் கொடுத்தும் மகிழ்ச்சி இல்லை. வழக்கு மன்றம் ஏறுகிறது. வாக்கு நிறைவேறவில்லை என்று கூறி மன்றம் பிரதாபனைச் சிறையில் இடுகிறது.

காட்டில் யானையிடமிருந்து தப்பியவன் நகரில் சட்டத்திடம் அகப்பட்டான். இதுவே வேதநாயகரின் கூர்மை. அந்நாட்டில் மன்றம் உண்டு, நீதிபதி உண்டு, வாதம் உண்டு, தீர்ப்பும் உண்டு. நாகரிகத்தின் உறுப்புகளில் ஒன்றும் குறையவில்லை. சொல்லின் தோலை எடுத்துக்கொண்டு பொருளை எறிந்துவிட்ட சட்டம் மட்டும் அங்கே ஆள்கிறது. கூலி வாங்கிய ஒருவனது மனத்தை அளந்து மற்றொருவனது விடுதலையை முடிவுசெய்யும் கொடுமையை எந்த விலங்கும் செய்யாது.

அரசனாகிய ஞானாம்பாள் அவ்வழக்கை மீண்டும் விசாரிக்கிறாள். தான் அரசேற்றதில் அத்தொழிலாளிக்கு மகிழ்ச்சிதானா என வினவுகிறாள். அவன் ஆம் என்கிறான். மகிழ்ச்சி கிடைத்துவிட்டது, வழக்கு முடிந்தது, பிரதாபன் விடுதலை ஆகிறான். வாசகர் மகிழ்ந்து நூலை மூடுகின்றனர்.

நூலை மூடாமல் சற்று நிற்பது நலம். ஆட்சிக்கு வந்தது உனக்கு மகிழ்ச்சிதானா என்று அரசனே அவையில் கேட்டால், இல்லை என்று கூற யாருக்கு நா எழும்? அநீதியைத் தீர்த்த அத்தீர்ப்பும் அச்சத்தின்மேல் நிற்கிறது. மேலும், செருப்புத் தைக்கும் தொழிலாளியை வஞ்சகனாகவும் நகைப்புக்குரியவனாகவும் நிறுத்தியது அக்காலத்து மேற்குடி எழுத்தின் எல்லை. கூலி கேட்டு மன்றம் ஏறும் எளியவரின் வழக்கு பெரும்பாலும் உண்மை வழக்காகவே இருக்கும் என்பதை மற்றெவரினும் நன்கறிந்தவர் அம்முன்சீப். அறிந்தும் அவர் கதை அப்பக்கம் திரும்பவில்லை. ஏழைச் சிறுவனின் முதுகில் விழுந்த அடியைக் கண்ட கண், செருப்புத் தைப்போன் மனத்தை முழுதும் காணவில்லை. இக்குறையைச் சுட்டுவது அவர் பெருமையைக் குறைக்காது. நாகரிகத்தின் எல்லையை ஒருவர் எதுவரை தள்ளினார், எவ்விடத்தில் அவர் கை ஓய்ந்தது என்று அறிவதே பின்வருவோர்க்குப் பயன் தரும்.

சங்கும் தமிழும்

இதே வினாவைப் பிற்காலத்தில் மேல்நாட்டில் எழுப்பியவர் வில்லியம் கோல்டிங். பள்ளியாசிரியராக இருந்து, இரண்டாம் உலகப்போரில் கடற்படையில் பணிபுரிந்து மீண்ட அவர், பாலன்டைனின் பவளத் தீவுக்கு மறுமொழியாக 1954இல் ஒரு நாவலை வெளியிட்டார். ஈக்களின் தலைவன் எனப் பொருள்படும் பெயர்கொண்டது அது. அதிலும் ஆங்கிலச் சிறுவர் தனித் தீவில் ஒதுங்குகின்றனர். கடற்கரையில் கிடைத்த சங்கு அவர்களுக்குச் சபையாகிறது. சங்கைக் கையில் ஏந்தியவனுக்கே பேசும் உரிமை. குறும்பார்வைச் சிறுவனின் மூக்குக்கண்ணாடி தீ மூட்டும் கருவியாகிறது. பின்னர் வேட்டையும் முகச்சாயமும் பன்றித்தலையும் அவர்களை ஆட்கொள்கின்றன, கண்ணாடி உடைகிறது, சங்கு நொறுங்குகிறது, சங்கை ஏந்திநின்றவன் கொல்லப்படுகிறான். இறுதியில் மீட்க வரும் கடற்படை அதிகாரி அச்சிறுவரைக் கண்டு நாணுகிறார். அவருக்குப் பின்னால் கடலில் நிற்பதும் போர்க்கப்பலே. காடு தீவினரிடம் இல்லை, நம்மிடமே உள்ளது என்பது கோல்டிங் கண்ட முடிவு. 1983இல் அவர் நோபல் பரிசு பெற்றார்.

முக்கால் நூற்றாண்டு முந்திய வேதநாயகர்க்கும் இவர்க்கும் தொடர்பு ஏதும் இல்லை. எனினும் இருவர் கைகளும் ஒரே இடத்தைத் தொட்டன. கோல்டிங்குக்குச் சங்கு எதுவோ, அதுவே வேதநாயகர்க்குத் தாய்மொழி. நீதிபதியும் தமிழர், வழக்காளியும் தமிழர், வழக்கறிஞரும் தமிழர். அவ்வாறிருக்க ஆங்கிலத்தில் வாதிக்கும் கூத்தை நாவல் கடுமையாக எள்ளுகிறது. பேசும் உரிமை சங்கைப் போன்றது. அது ஒருவன் கையிலிருந்து பிடுங்கப்பட்டால், அவன் எதிரே நடப்பது விசாரணையன்று, வேட்டை. ஆனால் கோல்டிங்கின் தீவில் சங்கு உடைந்தபின் ஒட்டுவாரில்லை. வேதநாயகரோ உடைந்ததை ஒட்டலாம் என்று நம்பினார்; அதற்குரிய கைகளாகப் பெண்களின் கைகளைக் கருதினார். அந்த ஆங்கிலத் தீவில் ஒரு சிறுமியும் இல்லை. இந்தத் தமிழ் நாவலில் நாட்டையே ஒரு பெண் ஆண்டாள்.

அவர் எழுப்பிய வழக்கு இன்னும் முடியவில்லை. தமிழகத்தின் கீழமை நீதிமன்றங்களில் தமிழ் இடம்பெற்றுவிட்டது. உயர்நீதிமன்றத்திலும் தமிழ் ஒலிக்கவேண்டும் எனச் சட்டமன்றம் 2006இல் தீர்மானம் நிறைவேற்றியும், அங்கு ஆங்கிலமே அலுவல்மொழியாகத் தொடர்கிறது.

நிறைவு

1887இல் சுகுண சுந்தரி என்னும் இரண்டாம் நாவலை வேதநாயகர் வெளியிட்டார். பெண் கல்வியின் தேவையும் இளமை மணத்தின் தீமையும் அதிலும் இடம்பெற்றன. 1889ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 21ஆம் நாள் அவர் இயற்கை எய்தினார். அப்போது வயது அறுபத்திரண்டு. அவர் வாழ்ந்த மாயூரம் 1982 முதல் மயிலாடுதுறை என்னும் பழம்பெயரை மீண்டும் பெற்றது. 2020இல் தனி மாவட்டத்தின் தலைநகரும் ஆயிற்று. அவர் முதன்முதல் தீர்ப்பு வழங்கிய தரங்கம்பாடியும் இன்று அம்மாவட்டத்தில் அடங்கும்.

வேதநாயகர் ஆங்கில ஆட்சியை எதிர்த்துக் கொடி பிடித்தவர் அல்லர். அதன் அலுவலராக வாழ்ந்து, அதன் நன்மைகளைப் பாராட்டியும் எழுதியவர். ஆயினும் ஆட்சியாளர் நாகரிகம் என்று காட்டிய அங்கியையும் மன்றத்தையும் ஆங்கிலத்தையும் அவர் அப்படியே ஏற்கவில்லை. அவற்றின் நடுவே நின்று, இங்குக் கண்ணோட்டம் உண்டா என்று வினவினார். தீர்ப்பைத் தமிழாக்கியபோதும், கஞ்சி காய்ச்சியபோதும், பெண்ணை அரியணையில் ஏற்றியபோதும் அவர் வினவியது அந்த ஒன்றையே. பாட்டெழுதுவோர்க்கும் கதையெழுதுவோர்க்கும் அவர் விட்டுச்சென்ற சொத்து அந்த வினாவே. செருப்புத் தைத்தவனின் பக்கத்தை இன்னும் எழுதவேண்டியவர்கள் அவர் வழியில் வருவோரே ஆவர்.